எடுத்தலும் முகத்தலும்

பொருள்களை அளக்கும் முறை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காம் என்பது இலக்கணம் பயில்வார் அறிந்ததே. தொல்காப்பியர் தொகைமரபில் அளவுப்பெயர்க்கும் நிறைப்பெயர்க்கும் முதலாகும் எழுத்துக்கள் ஒன்பது என்றார். நாழியும் உழக்கும் அளவு. கழஞ்சும் பலமும் நிறை. லேவியராகமம் 19-ஆம் அதிகாரமும் தராசையும் படியையும் தனித்தனியே வைத்தே பேசுகின்றது. நம் முன்னோரும் நெல்லைப் படியால் அளந்தனர். காயை வீசையால் நிறுத்தனர். இவ்வேற்றுமையை நாம் மறக்கும் இடம் அடுக்களை.

நீரிழிவுடையார் ஒருவர்க்கு மருத்துவர், வெந்த உருளைக்கிழங்கு 100 கிராம் என எழுதித் தருகின்றார் எனக் கொள்வோம். வீட்டில் தராசு இல்லை. 200 மில்லி லிட்டர் கொள்ளும் கிண்ணத்திற் பாதியே 100 கிராம் என்று வீட்டார் துணிகின்றனர். நீர்க்கு இக்கணக்குப் பொருந்தும். ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு கிலோகிராம். காய்க்கு அது பொருந்தாது. இன்சுலின் இட்டுக்கொள்வார்க்கு மாவுப்பொருள் கூடுதலும் குறைதலும் வாளா விடத்தக்கனவல்ல.

ஐக்கிய அமெரிக்க நாட்டு வேளாண்மைத் துறையின் உணவுப் பட்டியலை நோக்குக. ஏறத்தாழ 240 மில்லி லிட்டர் கொள்ளும் ஒரு கிண்ணத்தில் மசித்த பூசணி 245 கிராம், மசித்த உருளைக்கிழங்கு 210, வெந்த பாலக்கீரை 180, வட்டமாக அரிந்து வேகவைத்த காரட்டு 156. கிண்ணம் ஒன்றே, நிறை இத்துணை வேறுபடுவானேன்? காரட்டு நீரினும் பெரிதும் இலேசானதன்று. வில்லைகளுக்கிடையே காற்று நிற்கின்றது. கிண்ணத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வெற்றிடமே. பூசணியை மசித்தால் அவ்விடைவெளி ஒழிகின்றது. ஆகவே காயின் பெயரோடு அரிந்த வகையையும் கூறாத அளவு அரைகுறையானதே.

கீரையின் செய்தி இதனினும் வியப்புடைத்து. பச்சைப் பாலக்கீரை ஒரு கிண்ணம் 30 கிராமே, வெந்தது 180. கிண்ணத்தளவில் ஆறு மடங்கு! பச்சையோ வெந்ததோ என்று சொல்லாமல் 'ஒரு கிண்ணம் கீரை' என எழுதுவோர் யாது கருதினர் என்று அறிதல் அரிது.

மாற்றுங் கணக்கு எளிது. வேண்டிய நிறையைக் கிண்ணத்தளவின் நிறையால் வகுத்து 240-ஆற் பெருக்குக. 100 கிராம் காரட்டு வில்லைக்கு 154 மில்லி லிட்டர் வரும். மசித்த உருளைக்கிழங்கிற்கு 114. மேற்கூறிய வீட்டார் 100 மில்லி லிட்டரில் இட்ட கிழங்கு 88 கிராமளவே. அதே அளவிற் காரட்டு இட்டிருப்பின் 65 கிராமே கிடைத்திருக்கும்.

நிற்க. அயல்நாட்டுப் பட்டியலில் நம் வாழைக்காய்ப் பொரியல் போன்றவற்றைத் தேடிப் பயனில்லை. அவற்றின் நிறையை நாமே காணலாம்; நீரே நிறைகல்லாகும். நேரான கோலொன்றை நடுவிற் கயிறு கட்டித் தூக்கி, இரு முனையிலும் ஒத்த நிறையுள்ள ஏனங்களைத் தொங்கவிடுக. கோல் சமனாய் நிற்றலை முதலில் உறுதி செய்தல் வேண்டும். ஒன்றில் ஒரு கிண்ணம் வெந்த காயை இடுக. மற்றதில், மருந்துப் புட்டியோடு வரும் அளவுக்குப்பியால் நீரை எண்ணி வார்க்க. கோல் மீண்டும் சமனாகும்போது வார்த்த நீர் எத்தனை மில்லி லிட்டரோ, காய் ஏறத்தாழ அத்தனை கிராம். அவ்வெண்ணை அடுக்களைச் சுவரில் எழுதி வைப்பின், பின்பு கிண்ணமே போதும், தராசு வேண்டா.

காயை நீர் வடித்த பின்பு, தேங்காயும் எண்ணெயும் சேர்ப்பதற்கு முன்பே அளத்தல் வேண்டும். கரண்டியால் அழுத்தி நிரப்புதல் கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக அரிதலும் வேண்டும்.