அவிழ்த்துவிட்ட நாயும் அண்டைவீட்டாரும்: மனு எழுதுவோர்க்கு ஒரு வழிகாட்டி

சிட்லபாக்கத்தில் விடியற்காலையில் ஏரிக்கரைக்கு நடக்கப் புறப்படுகிறவர்களுக்குப் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. ஒரு வீட்டின் இரும்பு கேட் அரையடி திறக்கிறது. கழுத்தில் பட்டை இருந்தும் பட்டையில் சங்கிலி இல்லாத கொழுத்த நாய் ஒன்று தெருவுக்கு வருகிறது. வாசற்படியை விட்டு இறங்காத வீட்டுக்காரர், கையில் காப்பி டம்ளருடன், "ஒண்ணும் பண்ணாது சார், நீங்க பாட்டுக்குப் போங்க" என்று அபயம் அளிக்கிறார். அந்த அபயத்தை நம்பாமல் அடுத்த தெருவைச் சுற்றிப் போகும் முதியவர்களும், பள்ளி வேன் வரையில் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகும் தாய்மார்களும், ஒருநாள் துணிந்து ஏதாவது ஓர் ஆபீசில் போய் முறையிட்டால், அங்கே கிடைக்கும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றுதான்: "கடிச்சுதா? கடிச்சா வாங்க."

இந்த மறுமொழி சட்டத்துக்கு விரோதமானது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதையின் 291ஆம் பிரிவு, தன் வசமுள்ள பிராணியினால் மனித உயிருக்கு அபாயமோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்றிருக்கும்போது, அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டை அறிந்தோ அலட்சியத்தினாலோ செய்யாமல் விடுவதையே குற்றமாக்கி, 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனை விதிக்கிறது. யாராவது கடிபட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் கிடையாது. பிரிட்டனின் 1991ஆம் வருஷத்து அபாயகர நாய்கள் சட்டமும், நாய் காயப்படுத்திவிடும் என்று ஒருவர் நியாயமாக அஞ்சுவதற்கு இடம் இருந்தாலே அது கட்டுக்கடங்காத நாய் என்றுதான் கொள்கிறது. ஆனால் நடைமுறையில் நம் ஊரில் சட்டம் ரத்தத்தைக் கண்ட பிறகே எழுந்திருக்கிறது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுக் குழந்தையைக் குதறிய பின்னர்தான், அப்போது அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு, அதாவது இன்றைய 291இன் முன்னோடி, வெளிச்சத்துக்கு வந்து, நாய்களின் சொந்தக்காரர் கைதானார். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்து ஒருவர் உயிரையே இழந்தார். சட்டத்தைக் கடிக்கு முன்பே எழுப்புவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

முதற்காரியம், மனுவில் "தெருநாய்த் தொல்லை" என்று எழுதாமல் இருப்பது. சொந்தக்காரர் உள்ள நாயைப் பற்றிய புகார்கள் பலவும் இந்த ஒரு தலைப்பினாலேயே பாழாகின்றன. தெருநாய் என்று எழுதினால் மனு கருத்தடைப் பிரிவுக்குப் போகிறது. 2023ஆம் வருஷத்துப் பிராணிகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது அந்தப் பிரிவின் வேலை. வண்டியில் வருகிற ஊழியர் கழுத்துப் பட்டையைப் பார்த்ததும், "இது வீட்டு நாய், எங்க வேலை இல்லை" என்று போய்விடுகிறார். மனு முடித்துவைக்கப்பட்டதாகக் கைப்பேசிக்குச் செய்தி மட்டும் வந்து சேர்கிறது. ஆகவே தலைப்பிலேயே, இன்ன கதவு எண்ணுள்ள வீட்டார் தம் வளர்ப்பு நாயைச் சங்கிலியின்றிப் பொதுத் தெருவில் விடுவது குறித்து, என்று எழுத வேண்டும். நாய்க்கு மனு எழுதிப் பிரயோஜனம் இல்லை; அதன் சொந்தக்காரருக்கு எதிராக எழுத வேண்டும்.

அடுத்தது சாட்சியம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், இடம், நாய் யாரைத் துரத்தியது, கேட்டைத் திறந்தது யார், பார்த்தவர் யார் என்று ஒவ்வொரு சம்பவத்தையும் நடந்த அன்றே இரண்டு வரியில் எழுதி வருவது போதும். எதிர்வீட்டுக் கண்காணிப்புக் கேமராவில் பதிவு இருந்தால் அது அழிந்துபோகுமுன் நகல் வாங்கிவிட வேண்டும், ஏனெனில் அநேக வீடுகளில் பழைய பதிவின்மேல் புதியது தானாகவே ஏறிவிடுகிறது. பால்காரரும் பேப்பர் போடும் பையனும் மிகச் சிறந்த சாட்சிகள். அந்நேரத்தில் தெருவில் நடமாடுகிறவர்கள் அவர்களே. நாய் எதிரே வந்துவிட்ட சமயத்தில் படம் எடுக்க முயல்வது மட்டும் வேண்டாம்: ஓடாமல், அதன் கண்ணை உற்றுப் பாராமல், கையிலுள்ள பையையோ குடையையோ நடுவில் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குவதுதான் அப்போதைக்கு உசிதம்.

பின்னர் வீட்டுக்காரருடன் ஒரு தரம் பேச வேண்டும். தனியாகப் போகாமல், தெருவில் அவர் மதிக்கும் பெரியவர் ஒருவரையும், நாய் வளர்க்கிற மற்றொருவரையும் உடன் அழைத்துப் போவது நலம்; நாயே பிடிக்காதவர்கள் கூட்டமாக வந்து மிரட்டுகிறார்கள் என்ற எண்ணம் அவருக்கு வராது. "உங்க நாயை அப்புறப்படுத்துங்க" என்றால் சண்டைதான் வரும். "காலையில சங்கிலியோட கூட்டிட்டுப் போங்க சார், கேட்டுக்குத் தாழ்ப்பாள் போடுங்க" என்று செய்யக்கூடிய காரியத்தைக் கேட்டால், பாதிப் பேர் கேட்டுக்கொள்வார்கள். கேட்காதவருக்கு, பேசிய தேதியைக் குறிப்பிட்டு, அதே கோரிக்கையை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, ஒப்புகையுடன் தபாலில் அனுப்ப வேண்டும். (பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்டுடன் இணைந்துவிட்டது, பதிவும் ஒப்புகையும் வேண்டும் என்று கவுண்டரில் கேட்டு வாங்க வேண்டும்.) பக்கத்து வீட்டுக்குத் தபாலா என்று ஊர் சிரிக்கலாம். ஆனால் பிற்பாடு நஷ்ட ஈட்டு வழக்கு என்று வந்தால், தன் நாய் முரட்டு நாய் என்பது சொந்தக்காரருக்குத் தெரிந்திருந்ததா என்பதே முதன்மையான கேள்வியாகும். அவர் கையெழுத்திட்டு வாங்கிய அந்த ஒப்புகை அதற்கு வலுவான விடையாக இருக்கும்.

இனி மாநகராட்சி. பேரூராட்சியாக இருந்த சிட்லபாக்கம், 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் வருவதில்லை. இதை மறந்து சென்னையின் 1913 எண்ணுக்குப் பேசிக் காலத்தை விரயமாக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உரிமமும் மைக்ரோசிப்பும் இல்லாத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று சென்னை மாநகராட்சி 2025இன் இறுதியில் அறிவித்ததும் நம் தெருவைக் கட்டுப்படுத்தாது. தாம்பரம் மாநகராட்சி ஆணையருக்கு முகவரியிட்டு, நகர்நல அலுவலருக்கு நகல் குறித்து, தபால் பிரிவில் மனுவைக் கொடுத்து, நம் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்க வேண்டியவை இரண்டு: அந்த நாய்க்கு உரிமமும் வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றும் இருக்கின்றனவா என்று பரிசோதிப்பது; சொந்தக்காரருக்கு நோட்டீஸ் கொடுப்பது. முப்பது நாளில் ஒன்றும் நடவாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி, இன்ன தேதி மனுவின்மேல் இன்றுவரை எடுத்த நடவடிக்கை என்ன, அது யாருடைய மேஜையில் இருக்கிறது, கோப்புக் குறிப்பின் நகல் வேண்டும் என்று பொதுத் தகவல் அலுவலரைக் கேட்கலாம். குறிப்பு நகல் கேட்கப்பட்ட மாத்திரத்தில் தூங்கும் கோப்புகள் விழித்துக்கொள்வது நம் நிர்வாகத்தின் இயல்பு.

மாநகராட்சிக்காகக் காத்திராமல், அதே வாரத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகலாம். புகாரில் 291ஆம் பிரிவை எண்ணிட்டு எழுதி, நோட்டுக் குறிப்புகளின் நகலையும் கடிதத்தின் ஒப்புகையையும் இணைத்து, கூட வருகிறவர்கள் இருவர் கையெழுத்துடன் கொடுக்க வேண்டும். "கடிச்சா வாங்க" என்று அங்கும் சொன்னால், கோபப்படாமல், "சார், அபாயம் நேரக்கூடும் என்றாலே போதும்னு பிரிவுல இருக்கு" என்று சொல்லி, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கிக்கொண்டுதான் படியிறங்க வேண்டும். இது போலீஸார் கோர்ட்டு உத்தரவின்றியே வழக்குப் பதிவு செய்யத்தக்க குற்றம். பதிவு செய்ய மறுத்தால், குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமாகிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 173(4) பிரிவின்படி புகாரின் சாரத்தை எழுத்தில் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம், நம் வட்டாரத்துக்குத் தாம்பரம் போலீஸ் கமிஷனர் அலுவலகம். அதுவும் பயன்படாவிட்டால் மாஜிஸ்டிரேட்டிடம் மனுச் செய்யலாம்.

இவ்வளவுக்கும் மேலாக, அநேகருக்குத் தெரியாத ஒரு வழி தாம்பரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருக்கிறது. ஆர்.டி.ஓ. எனப்படும் வருவாய்க் கோட்டாட்சியர் சாதிச் சான்றிதழ், பட்டா விவகாரங்களுக்கு மட்டும் உரியவரல்லர். அவர் ஒரு நிர்வாக மாஜிஸ்டிரேட்டும் ஆவார். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 152ஆம் பிரிவு, அபாயகரமான பிராணியை அழிக்கவோ அடைத்துவைக்கவோ வேறு விதத்தில் அகற்றவோ அதன் சொந்தக்காரருக்கு நிபந்தனை உத்தரவிட அவருக்கு அதிகாரம் அளிக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்று வக்கீல்கள் நன்கறிந்த பிரிவே இது. கேட்பதை "அடைத்துவைத்தல்" என்ற அளவோடு நிறுத்துவதுதான் விவேகம். அழிக்கக் கேட்கும் மனு, அனுதாபத்தை நாயின் பக்கம் திருப்பிவிடும். உத்தரவு கிடைத்தவுடன் சொந்தக்காரர் அதன்படி செய்ய வேண்டும், அல்லது ஆஜராகிக் காரணம் சொல்ல வேண்டும். அவர் மறுத்தால் விசாரணை நடக்கும், அப்போது அந்த நாற்பது பக்க நோட்டு மிகவும் உபயோகப்படும். திங்கட்கிழமைகளில் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இதே மனுவைக் கொடுத்தால், மேலிருந்து எண்ணுடன் ஆர்.டி.ஓ.வுக்கு வந்து சேரும். வக்கீல் வைக்க வசதியற்றவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணுக்குப் பேசி இலவச உதவி கேட்கலாம்.

இதற்கிடையில் கடி நேர்ந்துவிட்டால், மனுவை மறந்து முதலில் குழாயடிக்குப் போக வேண்டும். ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் காயத்தைக் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனால் ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களிலும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும் என்று கேட்க வேண்டும். "எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சு" என்ற வீட்டுக்காரரின் வார்த்தையை நம்பி ஒரு நாளும் தள்ளிப்போடலாகாது. நோய் கண்டுவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் இன்னாருடைய வளர்ப்பு நாய் என்று எழுதச் சொல்லி, அந்த ஏ.ஆர். காப்பியை வாங்கிக்கொண்டால், நியாய சன்ஹிதையின் 291உடன் அதன் 125ஆம் பிரிவும் சேரும்; கொடுங்காயமானால் அதில் தண்டனை 3 வருஷம் வரை போகும்.

செய்யக்கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். கறித்துண்டில் விஷம் வைப்பது பற்றித் தெருக்களில் ரகசியமாகப் பேசுகிறவர்கள், அது நியாய சன்ஹிதையின் 325ஆம் பிரிவின்கீழ் 5 வருஷம் வரை சிறைக்குரிய குற்றம் என்பதையும், அந்தக் கணமே வாதி பிரதிவாதியாகிவிடுவதையும் யோசிப்பதில்லை. மேலும் அந்த நாய் செய்த பிழை, திறந்த கேட்டின் வழியே வெளியே வந்ததுதான். வீட்டுக்காரரின் முகத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஏசுவதும் அவருக்கு ஓர் எதிர்ப்புகாரை இனாமாகக் கொடுப்பதாகும்.

ஆர்.டி.ஓ.வின் நோட்டீஸ் கைக்குப் போனதும், அல்லது சி.எஸ்.ஆர். பதிவானது தெரிந்ததும், பெரும்பாலும் வீட்டுக்காரர் சமாதானத்துக்கு வருவார். அப்போது வாய்வார்த்தையோடு விட்டுவிடாமல், கேட்டுக்குத் தானே மூடும் தாழ்ப்பாள், தெருவில் சங்கிலியும் முரட்டு நாயானால் வாய்மூடியும், ஊசிச் சான்றின் நகல், உரிமம் என்று ஒவ்வொன்றையும் எழுதி, இரு தரப்பும், சாட்சியாகத் தெருவில் இரண்டு வீட்டாரும் கையெழுத்திட வேண்டும். புகாரை வாபஸ் வாங்குவது, அதன்படி ஒரு மாதம் நடப்பதைப் பார்த்த பிறகு.