அகலக்கால் வையாமல் ஒரு விளையாட்டு

ஒரு கணிப்பொறி விளையாட்டின்மீது பற்றுக் கொண்டவர், அதே பாத்திரங்களையும் அதே உலகையும் வைத்துத் தாமே ஒரு புது விளையாட்டைச் செய்து பார்ப்பதுண்டு. இதனை ரசிகர் விளையாட்டு என்பர். கூலி கிடையாது, ஓய்வு நேரமும் ஆர்வமுமே முதல். இப்படித் தொடங்கியவற்றில் எத்தனையோ பாதியில் நின்றுபோயின. நம் கணினி வகுப்புத் தோழியர் பலருக்கும் இந்த ஆசை உண்டு என்பதால், தொடங்குமுன் அளவு குறிப்பது எப்படி என்று இங்கே காண்போம்.

நமக்கு ஏற்ற எடுத்துக்காட்டு ‘வெண்பா’. பெயரைக் கேட்டு யாப்பிலக்கணமோ என்று யாரும் அஞ்ச வேண்டாம்! கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட விளையாட்டு அது. 1988-இல் கனடாவில் குடியேறி வாழும் வெண்பா என்ற தமிழ்ப் பெண்ணின் கதை. அவள் தாயின் சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விடுபட்ட படியை நாம் ஊகித்து இட்லியும் புட்டும் சமைக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சண்டை இல்லை, ஊர் சுற்றல் இல்லை. பெரும்பாலும் ஓர் அடுக்களையும் ஒரு குடும்பமும்தான். அதற்கு 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த முதல் படைப்புக்கான விருதை வழங்கியது.

இதை விளையாடி முடித்ததும் நமக்கு என்ன தோன்றும்? வெண்பாவை நம் வடசென்னைக்கு அழைத்து வர வேண்டும் என்று தோன்றும். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இராயபுரம் நிலையத்தில் அவள் இறங்க வேண்டும். திருவொற்றியூர்க் கோயில் தேரோட்டம் பார்க்க வேண்டும். கன்டெய்னர் லாரிகளின் நடுவே எண்ணூர் செல்ல வேண்டும். முகத்துவாரத்தில் படகேற வேண்டும். ஆசைக்கு ஏது அணை?

இப்போது கணக்குப் போடுவோம். ஜூன் முதல் ஜனவரி வரை சனிக்கிழமைகள் சுமார் 35. தேர்வு, மழை விடுமுறை, தீபாவளி, கிறிஸ்துமஸ், ஆண்டு விழா ஒத்திகை எல்லாம் கழித்தால் 20 மிஞ்சினால் பெரிது. வாரம் இரண்டு மணி, நான்கு பேர் என்றால் மொத்தம் 160 மணி நேரம். இதில் பாதியைப் பிழை திருத்தத்திற்கென்று ஒதுக்கிவிடுவதே நல்லது. முடிந்தது என்று நினைத்த பிறகுதான் கதவு திறக்காது, ஆள் சுவருக்குள் புகுந்து நிற்பாள். ஆக, கையில் இருப்பது 80 மணி. ஒரு தெருவை வரைந்து அதில் ஆள் நடக்கச் செய்ய ஐந்து மணி ஆகும் என்று கொண்டால், 16 தெருக்களோடு நேரம் தீர்ந்தது. கதை எழுதவும் ஒலி சேர்க்கவும் ஒரு நிமிடமும் மிஞ்சாது. மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் போய்விடுவார்கள். யாருக்கும் புரியாத பாதி வேலை தங்கைமார் தலையில் விழும்.

குறைப்பதால் சுவை குன்றும் என்பது வீண் அச்சம். 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் டெட்ரிஸ் விளையாட்டை அமைத்தபோது, ஐந்து கட்டங்கள் கொண்ட 12 வடிவங்களை முதலில் எண்ணினார். அவை மிகுதி என்று கண்டு, நான்கு கட்டங்கள் கொண்ட ஏழு வடிவங்களாகக் குறைத்தார். அவருடைய பொறியில் படம் வரையவும் வசதியில்லை; அடைப்புக்குறிகளையே கட்டங்களாக நிறுத்தினார். நம் ஆடுபுலி ஆட்டம் மட்டும் என்ன? மூன்று புலி, பதினைந்து ஆடு, தரையில் சுண்ணாம்புக் கோடு. அவ்வளவே.

ஆகவே வடசென்னை முழுவதையும் விட்டுவிட்டு, காசிமேட்டில் ஒரு காலைப்பொழுதை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏலத்தில் மீன் எடுத்த ஓர் அம்மா கூறு கட்டி விற்கிறாள். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று மூன்றே மீன். பத்துப் பேர் வந்து விலை கேட்பார்கள். கொடுக்கலாம், அல்லது மறுத்து அடுத்தவருக்காகக் காத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொருவர் போனதும் ஐஸ் ஒரு படி கரையும். ஐஸ் தீர்ந்தால் விலை பாதியாகும். ஏலக்கடனை அடைத்த பின் வீட்டுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதே ஆட்டம். முகம் வரைவது கடினம் என்றால் வாங்குவோரின் கைகளை மட்டும் வரையலாம். வளையல் கை, உப்புநீரில் வெளுத்த கை, காசை எண்ணி எண்ணிக் கொடுக்கும் முதியவரின் கை. முகத்தைவிட அது மேல் என்றே நமக்குப் படுகிறது.

இதில் வெண்பா எங்கே என்று கேட்கலாம். அர்ஜென்டினா நாட்டு மில்டன் குவாஸ்தி, நின்டெண்டோ நிறுவனத்தின் பழைய மெட்ராய்டு விளையாட்டு ஒன்றைச் சுமார் பத்தாண்டு உழைத்துப் புதுப்பித்து, 2016 ஆகஸ்ட் 6 அன்று இலவசமாக வெளியிட்டார். சில நாட்களிலேயே நிறுவனம் அதை நீக்கச் செய்தது. திறமை வீண்போகவில்லை, பின்னர் ‘ஓரி’ என்னும் விளையாட்டின் வடிவமைப்பில் அவருக்கு வேலை கிடைத்தது. ஆயினும் பத்தாண்டு உழைப்பு பிறர் அனுப்பும் ஒரு கடிதத்தை நம்பி இருக்கலாமா? நம் நாட்டிலும் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் உண்டு. வெண்பாவின் பெயரும் படமும் விசை குழுவினருடையவை. ஓர் அம்மா, ஒரு வேலை, ஒரு காலை என்னும் அடக்கத்தை அவர்களிடம் கற்பதற்குத் தடையில்லை. முகப்பில் நன்றி என்று ஒரு வரி சேர்ப்போம்.

கணிப்பொறியைத் தொடுமுன் இதைக் காகிதத்தில் ஆடிப் பார்க்க வேண்டும். பத்துச் சீட்டுகளில் பத்துப் பேர் கேட்கும் விலையை எழுதிக் குலுக்குங்கள். ஐஸுக்குப் பதில் புளியங்கொட்டைகளை வையுங்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒன்றை எடுத்துவிடுங்கள். விதி தெரியாத ஒரு தோழியை அழைத்து ஆடவிட்டு, வாய் திறக்காமல் கவனியுங்கள். மறுமுறையும் ஆட அவள் தானாகச் சீட்டைக் கலைத்தால், சனிக்கிழமை வேலையைத் தொடங்கலாம். தேரோட்டமும் முகத்துவாரப் படகும் அதுவரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும்.