கெர்னலை மாற்றுவதா, டிரைவரைத் தேடுவதா?

புது லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 21 போட்டாயிற்று. திரை, ஒலி, டச்பேட் எல்லாம் சரி. வைஃபை மட்டும் இல்லை. மூலையில் அதன் சின்னமே காணோம். விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் உடனே கிட்ஹப்பிலிருந்து ஒரு டிரைவரின் சுட்டியை அனுப்புவார், "இதை கம்பைல் பண்ணிடுங்க, ஓடிரும்" என்று. ஓடும்தான், அடுத்த கெர்னல் அப்டேட் வரும்வரை.

எதையும் இறக்குவதற்கு முன் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே சேர்த்து ஓட்டுங்கள். வைஃபை கார்டின் பெயரை ஒட்டி, சதுர அடைப்புக்குள் 10இசி:பி852 என்பது போல ஓர் எண் தெரியும். கார்டின் உண்மையான அடையாளம் அதுதான். பெட்டியில் அச்சடித்த பெயரை நம்பி இறங்க வேண்டாம். நான் சொன்ன எண் ரியல்டெக்கின் ஆர்டிஎல்8852பிஇ சில்லுக்கு உரியது. அதற்குக் கீழே, எந்தக் கெர்னல் டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்ற வரி வந்தால் டிரைவர் ஏறிவிட்டது, கோளாறு வேறு எங்கோ. அந்த வரியே இல்லையென்றால், உங்கள் கெர்னலுக்கு அந்தக் கார்டை யாரென்றே தெரியாது என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். இந்தச் சில்லின் கதை அதுதான்: மின்ட் 21 வந்தது 5.15 கெர்னலோடு, சில்லுக்கான ஆதரவு மூலக் கெர்னலில் சேர்ந்ததோ 6.2-இல், 2023 பிப்ரவரியில்.

இன்னொரு வகை உண்டு. டிரைவர் இருக்கும், சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இருக்காது. டிமெஸ்ஜி கட்டளையை ஓட்டினால் ஃபர்ம்வேர் ஏறவில்லை, பிழை -2 என்று வரும். -2 என்றால் கோப்பு இல்லை, அவ்வளவே. ஃபர்ம்வேர் பேக்கேஜைப் புதுப்பித்து ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். டெபியன் 11 வரை அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் இலவசமல்லாத ஃபர்ம்வேர் கிடையாது. 2023 ஜூனில் வந்த 12-லிருந்து சேர்த்துவிட்டார்கள்.

கெர்னல்தான் பழசு என்று தெரிந்துவிட்டால், என் முதல் பரிந்துரை உங்கள் டிஸ்ட்ரோவே தரும் புதிய கெர்னல். மின்டில் அப்டேட் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் லினக்ஸ் கெர்னல்ஸ் என்பதற்குப் போனால் பட்டியல் இருக்கும். உபுண்டுவில் இதற்கு எச்டபிள்யூஇ என்று பெயர், 22.04-க்கு 5.15-இல் தொடங்கி 6.8 வரை இந்த வழியில் வந்தது. டெஸ்க்டாப்பில் பொதுவாகத் தானாகவே வந்துவிடும், சர்வரில் கேட்டு வாங்க வேண்டும். கையெழுத்திட்ட கெர்னல் என்பதால் செக்யூர் பூட் முரண்டு பிடிக்காது. பாதுகாப்புத் திருத்தங்களும் தொடர்ந்து வரும். வைஃபையே இல்லாமல் எப்படி இறக்குவது என்கிறீர்களா? ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் போடுங்கள், போதும்.

நண்பர் அனுப்பிய வழிக்கு டிகேஎம்எஸ் துணை உண்டு. ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் டிரைவரை அதுவே மறுபடி கம்பைல் செய்யும். ஆனால் கெர்னலின் உள்ளமைப்பு மாறி, வெளியே எழுதிய கோடு அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் கம்பைல் பாதியில் நிற்கும், வைஃபை மறுபடி போகும். செக்யூர் பூட் இருந்தால் கூடுதலாக ஒரு சடங்கு: ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத்திரை வந்து மோக் சாவியைப் பதியச் சொல்லும். பத்தே விநாடி காத்திருக்கும். டீ எடுக்க எழுந்துபோய் இரண்டு முறை அதைக் கோட்டைவிட்டிருக்கிறேன். கெர்னலின் எந்தப் பதிப்பிலும் இடம்பெறாத சாதனத்துக்கு மட்டும் இந்த வழி. என்விடியா விதிவிலக்கு, அதை டிஸ்ட்ரோவின் டிரைவர் மேனேஜர் வழியாகவே போடுங்கள், இணையதளத்திலிருந்து இறக்காதீர்கள்.

உபுண்டு கெர்னல் குழு கட்டித்தரும் மெயின்லைன் கெர்னலும் உண்டு. கையெழுத்து கிடையாது, பாதுகாப்பு அப்டேட் தானாக வராது. அதில் குடியிருக்கக் கூடாது. புதுக் கெர்னலிலாவது கார்டு எழுந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நேற்றுவரை ஓடியது, அப்டேட்டுக்குப் பின் நின்றது என்றால் போக வேண்டிய திசையே வேறு. கணினி எழும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் அழுத்தினால் கிரப் மெனு வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னல் இருக்கும். அதில் ஏறுங்கள். புதுக் கெர்னல் ஒரு வாரமாவது சரியாக ஓடும்வரை பழையதைத் துடைக்காதீர்கள்.

எதுவும் கைகொடுக்காவிட்டால் கார்டையே மாற்றலாம். ஒரு திருகு, இரண்டு மெல்லிய ஆன்டெனா ஒயர், அவ்வளவுதான் வேலை. இன்டெல் ஏஎக்ஸ்210-க்கு 5.10-லிருந்தே ஆதரவு உண்டு. ஆனால் சில லேப்டாப்புகளில் கார்டு போர்டோடு பற்றவைத்திருக்கும்; சிலவற்றின் பயாஸ் வெளிக் கார்டை ஏற்காது. அங்கே யுஎஸ்பி டாங்கிள்தான். மீடியாடெக் எம்டி7612யு சில்லுள்ளதாகப் பாருங்கள், அதன் டிரைவர் 4.19-லிருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே மாடல் பெயரில் இரண்டாம் பதிப்பு வேறு சில்லோடு வருவதும் உண்டு. கடைக்காரர் சம்மதித்தால் அங்கேயே லேப்டாப்பில் செருகி, எல்எஸ்யுஎஸ்பி ஓட்டி எண்ணைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.