வழிநடையும் விழிப்பும்

இலக்கியத்தில் வரும் பயணங்கள் இருவகைப்படும். ஓரூரை விட்டு மற்றோரூரைச் சேர்வது ஒரு வகை. அறியாப் பருவத்தை விட்டு உலகின் கடுமையை அறியும் நிலையை அடைவது மற்றொரு வகை. பின்னதில் நடந்த தொலைவு உள்ளத்தின் மாற்றத்துக்குக் குறியீடாகும். புறப்பட்டபோது கேட்ட கேள்வியை, வழி முடிந்தபின் அவ்வாறே கேட்க நடந்தவரால் இயலாது. இதற்குத் தமிழில் தலையாய சான்று சிலப்பதிகாரம்.

புகார், மதுரை, வஞ்சி எனக் காண்டங்களுக்கு ஊர்ப்பெயர் சூட்டினார் இளங்கோவடிகள். புகாரைக் கடந்து சிறிது தூரமே நடந்து களைத்த கண்ணகி, மதுரை எங்குள்ளது எனக் கணவனை வினவுகிறாள். முப்பது காதத் தொலைவை அருகேயுள்ளது எனக் கூறி நகைக்கிறான் கோவலன். அந்நகை மகிழ்ச்சியின் நகையன்று என்பது கற்பார்க்குப் புலனாகும்.

கண்ணகியின் இவ்வியல்பையே முன்னோர் மடம் என்றனர். பிறர் அறிவித்ததை ஏற்றுக்கொண்டு, ஏற்றதை விடாதிருத்தலே மடம் என்பது பழைய உரையாசிரியர் கருத்து. கணவன் சொல்லையும் அரசின் நீதியையும் ஐயமின்றி நம்பியே அவள் மதுரை புகுந்தாள். கோவலன் கொலையுண்டபின், அரசவையில் நின்று வழக்குரைத்தவளிடம் அந்த மடம் இல்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் எனக் கூறி, அதனை உடைத்து மெய்ப்பிக்கும் தெளிவு அவளுக்கு வந்துவிட்டது. அத்தெளிவுக்கு அவள் கொடுத்த விலையோ கணவன் உயிர்.

கண்ணகியின் பயணம் வஞ்சியுடன் நின்றுவிடவில்லை. இலங்கை வேந்தன் கயவாகுவின் வழிபாட்டைக் காப்பியமே குறிக்கின்றது. கண்டி எசல பெரகராவில் பத்தினி தேவாலய ஊர்வலமும் இடம்பெறுவதை நம்மிற் பலர் கண்டிருப்போம்.

இதே கண்டி மலைநாட்டுக்கு எளியோர் நடந்து வந்த வேறொரு வழியும் உண்டு. கோப்பித் தோட்டக் காலத்தில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தனர்; வழியில் மாண்டோர் பலர். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற ஆசைமொழியை மலையகத்தார் இன்றும் நினைவுகூர்வர். அம்மொழியை நம்பிய உள்ளமும் மடம் உடையதே.

புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய ‘துன்பக்கேணி’ அவ்வழியைக் கதையாக்கிற்று. திருநெல்வேலிச் சிற்றூர்ப் பெண்ணான மருதி, கணவனைப் பிரிந்து இலங்கைத் தோட்டமொன்றை அடைகிறாள். அங்கே அதிகாரம் உடையோரால் அவள் வாழ்வு சீரழிகின்றது. கண்ணகியைப் போலவே அவளும் அனைத்தையும் அறிந்துகொள்கிறாள். ஆனால் அவள் வழக்கைக் கேட்க ஓர் அரசவை இல்லை. காப்பியத்தில் கண்ணகியின் விழிப்பு நீதியாய் முடிய, இக்கதையில் மருதியின் விழிப்பு வெறுந் துயராய் எஞ்சுகின்றது. இவ்விரு பெண்டிரையும் ஒப்பிட்டுக் கற்பதன் பயன் இவ்வேறுபாட்டை உணர்வதே.

1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. மலைநாட்டிலேயே பிறந்து வளர்ந்த பலர், தாம் கண்டிராத ஊரைத் தம் ஊராகக் கொள்ளப் புறப்பட்டனர். அவர்களும் ஊர் எங்குள்ளது என வினவியே சென்றிருப்பர்.

பேராதனைக்கும் கம்பளைக்கும் இடைப்பட்ட நம் கெலிஓயாப் பகுதியில், மலையிறங்கி வந்து கற்கும் மாணவர்க்கு இவை ஏட்டுச் செய்திகள் மட்டுமல்ல. பாட்டன் பாட்டியர் நடந்த வழியின் வரலாறுமாம். ஒரு பயணக் கதையைப் படிக்குங்கால் இரண்டு வினாக்களை எழுப்புக: நடந்தவர் எதனை இழந்து எதனை அறிந்தார்? அவர் அறிந்ததைச் சொன்னபோது கேட்பார் இருந்தனரா? முதல் வினாவுக்கு நூலே விடை தரும். இரண்டாம் வினாவுக்கு விடை தரவேண்டியவர் அந்நூலைக் கற்ற நாமே ஆவோம்.