தொட்ட கரம்: தொழுநோய்ப் பணியும் இந்தியச் சமுதாயமும்

மாற்கு சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரத்தில், குஷ்டரோகி ஒருவன் இயேசுவினிடத்தில் வந்து முழங்கால்படியிட்டு வேண்டிக்கொண்ட நிகழ்ச்சி எழுதப்பட்டுள்ளது. ஒரு வார்த்தையினாலேயே அவர் அவனைச் சுகமாக்கியிருக்கக் கூடும். நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனைத் தூரத்திலிருந்தே குணமாக்கியவர் அவர். ஆயினும் இந்த மனிதனை அவர் கைநீட்டித் தொட்டார். சுகம் அதற்குப் பின்னரே வந்தது.

அந்தத் தொடுதலின் கனத்தை உணர லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். நோய் கண்டவன் பாளயத்துக்குப் புறம்பே தனித்துக் குடியிருக்க வேண்டும். கிழிந்த வஸ்திரம் தரிக்க வேண்டும். தன் தீட்டைத் தானே உரக்கக் கூறி மற்றவர்களை விலக்க வேண்டும். வேதாகமம் குஷ்டம் எனக் குறிப்பிடும் தோல் நோய்கள் யாவும் இன்றைய தொழுநோயே என்று கொள்வதற்கில்லை. வேதவல்லுநரும் மருத்துவரும் இதில் ஒத்த கருத்துடையவர்கள். ஆனால் ஒதுக்கிவைத்த முறையைப் பொறுத்தவரையில் அன்றைக்கும் பின்னைய நூற்றாண்டுகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கிறிஸ்துவின் நாமத்தைத் தரித்த ஐரோப்பாவிலேயே, இடைக்காலத்தில், நோயாளியை இறந்தவனாகப் பாவித்துச் சமூகத்தினின்று பிரிக்கும் சடங்குகளைத் திருச்சபை சில இடங்களில் நடத்தியதுண்டு. தொட்டவரின் சீஷர்கள் அத்தொடுதலின் பொருளைக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அந்தக் கல்வி இந்தியாவில் எவ்வாறு நிகழ்ந்தது, மருத்துவமனை, தொழிற்கூடம், சட்டம் ஆகியவற்றில் அது என்ன மாறுதலைக் கொண்டுவந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

அம்பாலாவின் குடிசைகள்

அயர்லாந்து தேசத்தவரான வெல்லஸ்லி பெய்லி என்ற வாலிபர் 1869-இல் பஞ்சாபின் அம்பாலாவில் அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் மிஷன் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். ஒருநாள் மூத்த மிஷனெரி ஒருவர் அவரைப் பள்ளிக்கு அண்மையில் இருந்த சில குடிசைகளுக்கு அழைத்துச் சென்றார். அங்கே விரலிழந்த கைகளும் உருக்குலைந்த முகங்களுமாகத் தொழுநோயாளிகள் அமர்ந்திருந்தனர். அவர்களுக்கு உணவும் தங்குமிடமும் அளித்துவந்த அந்தச் சிறு இல்லம் பெய்லியின் வாழ்க்கையைத் திசை திருப்பிவிட்டது.

விடுமுறையில் தாயகம் சென்ற அவர் டப்ளின் நகரில் சில நண்பர்களிடம் தாம் கண்டதை எடுத்துரைத்தார். பிம் என்ற குடும்பத்தைச் சேர்ந்த சகோதரிகள் ஆண்டுக்கு 30 பவுன் சேர்த்து அனுப்புவதாக வாக்களித்தனர். முதலாம் ஆண்டிலேயே ஏறக்குறைய 600 பவுன் சேர்ந்தது. 1874-இல் இவ்வாறு பிறந்த தொழுநோயாளர் மிஷனே இன்றைய லெப்ரசி மிஷன்.

அன்றைய நிலையில் மருத்துவமாக அளிக்கக்கூடியது மிகச் சொற்பமே. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் நோய்க்கிருமியைக் கண்டறிந்தது 1873-இல். பயன் தரும் மருந்து அதற்கு 70 ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தது. ஆகவே அக்கால இல்லங்களில் பணியாற்றியவர்களால் புண்ணைக் கழுவவும், கட்டுப்போடவும், உணவளிக்கவும், மரித்தோரைக் கண்ணியமாக அடக்கம் செய்யவுமே முடிந்தது. குணமாக்க இயலாதவரிடத்தில் இவ்வளவு செலவும் உழைப்பும் ஏன் என்ற கேள்வி எழாமல் இருந்திராது. அதற்கு அவர்கள் தங்கள் வாழ்நாட்களையே பதிலாகத் தந்தனர்.

மேரி ரீட் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனெரி 1884-இல் இந்தியாவுக்கு வந்தவர். உடல் நலிந்து 1890-இல் தாயகம் திரும்பியபோது தமக்கே தொழுநோய் பற்றியிருப்பதை அறிந்தார். தாயிடம் அதைச் சொல்லத் துணிவின்றி, ஒரு சகோதரிக்கு மட்டும் தெரிவித்துவிட்டு மீண்டும் கப்பலேறினார். இமயமலைச் சாரலில், பித்தோராகர் அருகே சண்டாக் என்ற குன்றில் இருந்த தொழுநோய் இல்லத்தின் பொறுப்பை 1891-இல் ஏற்றார். நோய் மேலும் முற்றவில்லை. 1943-இல் மரிக்கும்வரை, அரை நூற்றாண்டுக்கு மேலாக, அம்மலையே அவருடைய வீடாயிற்று.

வங்காளத்தின் புருலியாவில் 1888-இல் ஜெர்மானிய லுத்தரன் மிஷனெரி ஊஃப்மன் நிறுவிய இல்லமும், தெலுங்கு நாட்டில் டிச்பள்ளியில் மருத்துவர் இசபெல் கெர் வளர்த்தெடுத்த மருத்துவமனையும் இவ்வரிசையில் அடங்குவன. டிச்பள்ளிப் பணிக்கு நர்சா கௌட் என்ற இந்துச் செல்வந்தர் தாராளமாகக் கொடை அளித்தார் என்பதும் நினைக்கத்தக்கது. பற்பல இடங்களில் அயல்நாட்டுக் காணிக்கையோடு உள்ளூர் அரசர்களின் நிலமும் வணிகர்களின் பொருளும் கலந்தே இந்த இல்லங்கள் எழும்பின.

சுவர்களின் மறுபக்கம்

இந்த வரலாற்றைப் புகழுரையாக மட்டும் எழுதிவிட முடியாது. 1890-91-இல் தொழுநோய் ஆணையக் குழு இந்தியா முழுவதும் ஆராய்ந்து, இந்நோய் மக்கள் அஞ்சும் அளவுக்கு எளிதில் தொற்றுவதன்று என்றும், கட்டாயப் பிரிவினை தேவையற்றது என்றும் முடிவு கூறிற்று. ஆயினும் பொதுமக்களின் அச்சமே வென்றது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், பிழைக்க வழியின்றித் தெருவில் பிச்சையெடுக்கும் நோயாளியைக் காவலர் பிடித்து இல்லத்தில் அடைத்துவைக்க இடமளித்தது. உணவுப் பொருள் தயாரித்தல் போன்ற தொழில்களும் அவனுக்கு விலக்கப்பட்டன.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியாவிலிருந்த தொழுநோய் இல்லங்களில் பெரும்பகுதி மிஷன்களின் பொறுப்பிலேயே இருந்தன. பலவும் அரசு மானியம் பெற்றன. அன்பினால் கட்டப்பட்ட இல்லம் சிறைக்கு ஒப்பான சட்டத்தின் கருவியாகவும் ஆகக்கூடிய நிலை இவ்வாறு ஏற்பட்டது. பல இல்லங்களில் ஆணும் பெண்ணும், கணவனும் மனைவியுமேகூட, தனித்தனியே வைக்கப்பட்டனர். நோயற்ற பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறு விடுதியில் வளர்க்கப்பட்டனர். அக்கால மருத்துவ அறிவின்படி நன்மையென்று எண்ணிச் செய்யப்பட்டதே அது. ஆனால் தன் பிள்ளையை வேலிக்கு அப்பால் மாத்திரம் காண முடிந்த தாய்க்கு அந்த விளக்கம் போதியதாயிருந்திருக்குமா?

பாளயத்துக்குப் புறம்பே கிடந்தவனுக்குக் கூரையும் ஆகாரமும் கிடைத்தது மெய். ஆனால் அவன் இன்னும் பாளயத்துக்குப் புறம்பேதான் இருந்தான். மாற்கு சுவிசேஷத்தில் இயேசு அவனை ஆசாரியனிடம் அனுப்பியது, அவன் மீண்டும் தன் ஊராரோடு சேர்க்கப்படும்படிக்கே. இல்லங்களின் காலத்தில் இந்தப் பின்பாதி நிறைவேறவில்லை.

வேலூரில் எழுந்த கேள்வி

அந்தப் பின்பாதியை நோக்கி வழி திறந்தவர்களுள் முதன்மையானவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பணியாற்றிய மிஷனெரி பெற்றோருக்கு 1914-இல் பிறந்தவர் அவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்தில், அதன் தலைவரும் தோல் மருத்துவ வல்லுநருமான ராபர்ட் காக்ரேனைச் சந்தித்தார். நோயாளிகளின் மடங்கிய விரல்களைக் கண்ட பிராண்ட், இவை ஏன் இவ்வாறு ஆகின்றன என்று வினவினார். எலும்பு, மூட்டு மருத்துவர் எவரும் இதுவரை அதைக் கேட்டதில்லை என்பதே காக்ரேனின் பதில். ஒரு நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்தபோது, செயலற்றதென எண்ணிய அக்கை பிராண்டின் கையை வலியெடுக்கும் அளவுக்கு இறுகப் பற்றியது. உயிருள்ள தசைகள் உள்ளே இருக்கின்றன என்பதை அந்தப் பிடி அவருக்கு உணர்த்திற்று.

அவரும் தோழர்களும் ஏராளமான நோயாளிகளின் கைகளை ஒவ்வொரு தசையாகச் சோதித்தனர். நோய் குறிப்பிட்ட சில நரம்புகளையே, குறிப்பிட்ட சில இடங்களில் தாக்குகிறது என்பதும், முன்கையின் வலுவான சில தசைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன என்பதும் புலனாயின. அப்படியாயின் நலமாயிருக்கும் தசையின் நாணை எடுத்து, செயலற்ற விரலோடு இணைத்தால் விரல் மீண்டும் இயங்கும். 1948-இல் தொடங்கிய இவ்வகை அறுவை சிகிச்சைகள் பின்னர் உலகெங்கும் பரவின. நோயாளியின் கண்ணிமைகள் மூடாமற்போய்ப் பார்வை கெடுவதைத் தடுக்கும் பணியில் அவருடைய துணைவியார் மார்கரெட் பிராண்ட் ஈடுபட்டார்.

இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுண்டு. தொழுநோயில் சதை தானே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றே உலகம் நம்பியிருந்தது. பிராண்ட் அவ்வாறில்லை என்று காட்டினார். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தம்மால் திறக்க முடியாதபோது, நோய் கண்ட சிறுவன் ஒருவன் சாவியை எளிதாகத் திருப்பியதை அவர் கண்டார். அவன் விரலைப் பார்த்தால், சாவி சதையை எலும்புவரை அறுத்திருந்தது. வலி தெரியாததால் அவன் நிறுத்தவில்லை. சூடான பாத்திரம், கல் குத்திய பாதம், இரவில் உறங்கும்போது கடிக்கும் எலி என அன்றாடக் காயங்களே விரல்களைத் தின்றன. எலிக்குப் பரிகாரமாக நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. கருவிகளுக்கு அகன்ற கைப்பிடி பொருத்தப்பட்டது. பாதத்துக்கு மென்மையான ரப்பர் செருப்பு தைக்கப்பட்டது. உணர்விழந்த பாதத்தைக் காக்கும் இந்த முறைகளே பிற்காலத்தில் நீரிழிவு நோயாளர்களின் பாதப் பராமரிப்புக்கும் வழிகாட்டின.

சாபம், முற்பிறவிப் பாவம், தெய்வ தண்டனை என்று தலைமுறைதோறும் சொல்லப்பட்ட ஊனம், தடுக்கக்கூடிய காயம் என்று நிரூபணமாயிற்று. சமுதாயத்தின் மனத்தில் நிகழவேண்டிய மாறுதலுக்கு இதைவிட உறுதியான அடித்தளம் வேறு என்ன இருக்க முடியும்?

கை சீரானதும் வேறொரு சிக்கல் எழுந்தது. சிலர் திரும்பி வந்து, இந்தக் கைகளைக் காட்டினால் பிச்சை விழுவதில்லை என்று முறையிட்டனர். தழும்பு கண்ட அவர்களுக்கு வேலையோ வாடகை வீடோ கொடுப்பார் இல்லை. அறுவை அரங்கில் முடிந்ததாக எண்ணிய பணி உண்மையில் அங்கே பாதியே முடிந்திருந்தது. 1951-இல் வேலூரில் தொடங்கப்பட்ட நவஜீவ நிலையம் இதற்கு விடையாக அமைந்தது. சிறு கிராமம் போன்ற அவ்விடத்தில் நோயாளிகள் தச்சு வேலையும் மரப்பொம்மை செய்தலும் கற்று, தங்கள் கைகளைத் தாங்களே காத்துக்கொள்ளப் பழகினர். 1955-இல் கரிகிரியில் ஷீஃப்ளின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளர்களின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் வேலூரில் உடல் ஊனமுற்றோருக்கான மறுவாழ்வுத் துறையைக் கட்டியெழுப்பினார். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

பரவிய பொறுப்பு

இப்பணி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை என்பதே அதன் செல்வாக்குக்குச் சான்று. காந்தியடிகள் தமது நிர்மாணத் திட்டத்தில் தொழுநோயாளர் சேவையைச் சேர்த்தார். சேவாகிராமத்தில் பர்ச்சுரே சாஸ்திரியின் புண்களைத் தம் கையால் கழுவினார். இளமையிலேயே நோயால் துன்புற்ற தி.நா. ஜகதீசன், காக்ரேனோடு இணைந்து உழைத்து, நாடறிந்த தொண்டரானார். பாபா ஆம்தே ஆனந்தவனத்தை உருவாக்கினார். இவர்களுக்குத் தூண்டுதல் எல்லாம் மிஷன்களிடமிருந்தே வந்தது என்று சொல்வது மிகை. அவரவர் மரபின் கருணையும் அவர்களை உந்திற்று. ஆயினும், தொடலாம், குணமாக்கலாம், திரும்ப வீட்டிற்கு அனுப்பலாம் என்பதற்கு முன்னுதாரணம் கண்ணெதிரே இருந்தது. பல மருந்துகளைச் சேர்த்தளிக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1982-இல் இந்தியாவில் தொடங்கியபோது வார்தாவோடு புருலியாவும் முதல் மாவட்டங்களாய் அமைந்தன.

ஒரிசாவின் பாரிபதாவில், மயூர்பஞ்ச் மகாராஜாவின் ஆதரவோடு நடந்துவந்த தொழுநோய் இல்லத்தில் 1965 முதல் ஊழியம் செய்த ஆஸ்திரேலியர் கிரகாம் ஸ்டெயின்ஸ், 1999 ஜனவரியில் மனோகர்பூர் கிராமத்தில் வண்டிக்குள் உறங்கும்போது தம் இரு சிறு மகன்களுடன் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் துணைவியார் கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிப்பதாகக் கூறி, மகளோடு பாரிபதாவிலேயே தங்கி நோயாளர்களைக் கவனித்தார். 2005-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

சட்டம் மிகத் தாமதமாகவே பின்தொடர்ந்தது. 2008-இல்கூட, தொழுநோய் கண்டவர் நகராட்சிப் பதவி வகிக்கத் தகுதியற்றவர் என்ற ஒரிசா மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லுமென்றது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற விதிகள் 2019-இல் ஐந்து தனிச் சட்டங்களிலிருந்து அகற்றப்பட்டன. அவற்றுள் ஒன்று கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம். அதில் தொழுநோய் பற்றிய பிரிவு 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது இடம்பெற்றது. அதாவது, வேலூரில் முதல் விரல் நிமிர்ந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னர். இந்தப் பிரிவு திருச்சபைகளிடையே போதிய கவனத்தைப் பெறாதது வருந்தத்தக்கதே.

2005 டிசம்பரில் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற அளவை இந்தியா எட்டியது. அதனால் நோய் ஒழிந்துவிட்டதென்ற எண்ணமும் நிதியில் தளர்ச்சியும் தோன்றின. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இன்றும் இந்தியர்களே. அவர்களுள் சிறு பிள்ளைகளும் உண்டு. நகர்ப்புறங்களின் ஓரத்தில் தொழுநோயாளர் குடியிருப்புகள் இன்னும் இருக்கின்றன. அங்கே குணமடைந்த முதியவர்களும், ஒருபோதும் நோய் காணாத அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கின்றனர். அப்பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, முகவரி எழுதும் இடத்தில் தயங்குகின்றனர்.