கணிப்பொறிப் பழுதும் காரணங் காணலும்

முன்னுரை

கணிப்பொறி பழுதுற்றால் நம்மவர் பலர் முதலில் கேட்கும் சொல் 'ஃபார்மட்' என்பதாகும். வட்டிலுள்ள அனைத்தையும் துடைத்துவிட்டு விண்டோஸை மீண்டும் நிறுவுவதே அதன் பொருள். நாம் அறிந்த ஆய்வு மாணவி ஒருவர், ஒலி வரவில்லை என்னும் ஒரே குறைக்காகத் தம் கணிப்பொறியைப் பழுதுபார்க்கக் கொடுத்தார். ஒலி வந்தது, ஆனால் ஈராண்டுகள் உழைத்துத் தட்டச்சு செய்த ஆய்வேட்டின் நான்கு இயல்கள் அழிந்தன. ஒலிக்கருவியின் இயக்கியை மட்டும் மாற்றியிருந்தால் சில நிமிடங்களில் தீர்ந்திருக்கும் குறை அது. காரணம் அறிந்த பின்னரே மருந்து என்பது மருத்துவ நெறி. அந்நெறி கணிப்பொறிக்கும் பொருந்துமாற்றை மூன்று பழுதுகளின் வழி ஈண்டுக் காண்போம்.

1. இயக்கிக் கோளாறு

அச்சுப்பொறி, ஒலிக்கருவி, திரை முதலிய வன்பொருள்கள் ஒவ்வொன்றும் தனித்தனி மொழியில் கட்டளை பெறுவன. விண்டோஸின் கட்டளையை அம்மொழியில் பெயர்த்துக் கூறும் நிரலே டிரைவர் எனப்படும் இயக்கி. சாதாரண நிரல் தவறினால் அந்நிரல் மட்டுமே நிற்கும். இயக்கிகளுள் பலவோ விண்டோஸின் உள்ளகமாகிய கெர்னலில் இயங்குவன. அவற்றுள் ஒன்று தவறினும் நீலத்திரை தோன்றிக் கணிப்பொறி முழுதும் நின்றுவிடும்.

இதற்குத் தக்க சான்று 2024 ஜூலை 19 அன்று நிகழ்ந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் கெர்னலில் இயங்குவது. அதற்கான புதிய தரவுக்கோப்பு ஒன்று இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு உலகெங்கும் அனுப்பப்பட்டது. 20 உள்ளீடுகளை எதிர்பார்த்த நிரலுக்கு 21 உள்ளீடுகள் குறிக்கப்பட்டிருந்தன. இல்லாத இடத்தைப் படிக்க முயன்ற நிரல் வீழ்ந்தது. உடன் விண்டோஸும் வீழ்ந்தது. 78 நிமிடங்களில் அக்கோப்பு திரும்பப் பெறப்பட்ட போதிலும், ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் பாதிப்புற்றதாக மைக்ரோசாஃப்ட் கணித்தது. அன்று, தாம்பரம் மின்சார ரயிலில் செல்வோர் நாள்தோறும் காணும் மீனம்பாக்கம் விமான நிலையத்திலும் பயணிகள் காத்து நின்றனர், விமானங்கள் தாமதமாயின.

இந்நிகழ்ச்சியில் நாம் கற்கவேண்டியது அதன் தீர்வையே. பாதிப்புற்ற கணிப்பொறியை 'சேஃப் மோட்' எனப்படும் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, அவ்வொரு கோப்பினை மட்டும் நீக்கினர், கணிப்பொறி எழுந்தது. பழுது உலகளாவியது, மருந்தோ ஒரு கோப்பினை அகற்றுதல். காரணம் தெரிந்தமையால் பயனரின் தரவுகள் பிழைத்தன.

நம் இல்லத்துக் கணிப்பொறிக்கும் இதுவே வழி. முதற்கண் கம்பி இணைப்பைச் சரிபார்க்க வேண்டும். பின்னர் 'டிவைஸ் மேனேஜர்' பகுதியைத் திறந்து மஞ்சள் குறியுள்ள கருவியை நோக்க வேண்டும். குறியீடு 28 எனில் இயக்கி நிறுவப்படவில்லை. 10 எனில் கருவி தொடங்க இயலவில்லை. 43 எனில் கருவியே பழுதை அறிவித்ததால் விண்டோஸ் அதனை நிறுத்தியுள்ளது. புதிய இயக்கி வந்தபின் பழுது தோன்றியிருப்பின், 'ரோல் பேக் டிரைவர்' வாயிலாக முந்தைய இயக்கிக்கே திரும்பலாம். இயக்கியை அக்கருவியை ஆக்கியோரிடமிருந்தே பெறுதல் நன்று.

2. அணையாத கணிப்பொறி

அணைக்குமாறு பணித்தவுடன் விண்டோஸ், திறந்துள்ள நிரல்களை மூடச் செய்து, நினைவகத்தில் எஞ்சியவற்றை வட்டில் எழுதி, இயக்கிகளுக்கு விடை கொடுத்து, இறுதியில் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. இவற்றுள் ஒன்று மறுமொழி தராவிடினும் அணைதல் தடைப்படும். இது பழைய நோயே. 1999இல் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பின் அணைப்புக் கோளாற்றுக்கென்றே மைக்ரோசாஃப்ட் தனித் திருத்தம் வெளியிட்டது.

விண்டோஸ் 8 முதல் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியும் ஈண்டு அறியத்தக்கது. அது செயற்பாட்டிலிருக்கும்போது 'ஷட் டவுன்' செய்தால் கெர்னலின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, மறுமுறை அப்படியே மீட்கப்படுகிறது. ஆகவே இயக்கியின் கோளாறும் உடன் மீள்வதுண்டு. 'ரீஸ்டார்ட்' செய்தாலோ கெர்னல் புதிதாகத் தொடங்கும். அணைத்து எழுப்பியும் தீராத குறை, 'ரீஸ்டார்ட்' செய்ததும் தீர்வது இதனாலேயே. புதிதாகச் செருகிய யூ.எஸ்.பி. கருவிகளை ஒவ்வொன்றாக அகற்றிப் பார்த்தலும் காரணத்தைக் காட்டும். வட்டில் எழுதும் பணி முடியுமுன் மின்சாரம் நின்றால் கோப்புகள் சிதையக்கூடும். ஆதலின் மின்தடை நேரும் பகுதிகளில் மேசைக் கணிப்பொறிக்கு யூ.பி.எஸ். இன்றியமையாதது.

3. வட்டில் இடமின்மை

விண்டோஸ் 11 நிறுவுதற்கே குறைந்தது 64 ஜி.பி. வட்டு வேண்டும். இடம் குறைந்தால் புதுப்பித்தல் நின்றுபோகும், வேகமும் குன்றும். 'டிஸ்க் கிளீன் அப்' வாயிலாகத் தற்காலிகக் கோப்புகளையும் மீட்சித் தொட்டியையும் காலி செய்யலாம். பதிப்பு மாறும்போது உருவாகும் 'விண்டோஸ்.ஓல்டு' என்னும் பழைய தொகுப்பு பல ஜி.பி. இடம் கொள்ளும், முந்தைய பதிப்பு வேண்டாதார் அதனையும் நீக்கலாம். ஆனால் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ளவற்றைப் பெரியன என்பதற்காகக் கையால் அழித்தல் பெருந்தீங்காகும்.

தமிழ்த்துறையார்க்கு மற்றொரு கவனமும் வேண்டும். 1990களில் ஒருங்குறியல்லாத எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரைகள் பல இன்றும் வட்டுகளில் உள்ளன. கோப்பு பிழைத்தாலும் அதற்குரிய எழுத்துரு அழிந்துவிட்டால் தமிழ் தோன்றாது. பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். எனவே கோப்புடன் எழுத்துருவையும் படியெடுத்து வைக்க வேண்டும். இயன்றால் அக்கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றிவிடுதல் நலம்.

முடிவுரை

2015 டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளின் கீழ்த்தளங்கள் நீரில் மூழ்கின. அத்தகைய அழிவில் கணிப்பொறியை மீண்டும் வாங்கலாம். விண்டோஸையும் இயக்கிகளையும் மீண்டும் நிறுவலாம். நாம் எழுதியது மட்டும் வேறெங்கும் கிடைக்காது. ஆகவே ஒரு படியேனும் வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும்.

முதலில் படியெடுத்தல், அடுத்துக் காரணம் தேடல், பின்னர் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து பயனை நோக்கல், யாவும் பயனற்றபோதே 'ஃபார்மட்'. மாணவர்கள் இவ்வரிசையை மனத்திற் கொள்வார்களாயின், சிறு பழுதின்பொருட்டுப் பெரும் உழைப்பை இழக்கும் நிலை நேராது.