திரை சொல்லும் உண்மை

1895 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள் ஜெர்மனி நாட்டு அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த மாதமே தம் மனைவியின் கையைப் படமெடுத்தார்; விரலெலும்புகளும் மோதிரமும் அதில் தெரிந்தன. அதன்பின் பல்லாண்டுகள் மருத்துவர்கள் படத்தை ஒளிப்பெட்டியில் பொருத்திப் பார்த்தனர். இன்று அவ்விடத்தைக் கணினித் திரை பெற்றுள்ளது.

எக்ஸ் கதிர்ப் படத்தில் வண்ணங்கள் இல்லை. காற்று நிறைந்த நுரையீரல் கருமையாகவும், எலும்பு வெண்மையாகவும், பிற உறுப்புகள் சாம்பல் நிறத்திலும் தோன்றும். மயிரிழை போன்ற எலும்பு முறிவும், நுரையீரலில் தொடக்கநிலைக் கட்டியும் தம்மைச் சூழ்ந்த பகுதியிலிருந்து மிகச் சிறிதளவே வேறுபடும். அவ்வேறுபாட்டைத் திரை காட்டாவிடின், தேர்ந்த கதிரியல் மருத்துவரும் நோயைக் காண இயலாது. காணாத நோய்க்கு மருந்தும் கிட்டாது.

சி.டி. கருவி ஒவ்வொரு புள்ளிக்கும் 4096 நிலைகளைப் பதிவு செய்ய வல்லது. சாதாரணத் திரை 256 சாம்பல் படிகளையே காட்டும். மருத்துவத் திரைகள் பல 1024 படிகளைக் காட்டுவன. மார்பகப் படத்தில் உப்புத்துகள் போன்ற சுண்ணாம்புப் படிவுகளைக் காண, 50 இலட்சம் புள்ளிகள் கொண்ட திரைகள் பயன்படுகின்றன. ஒரே படம் எல்லாத் திரைகளிலும் ஒன்றுபோல் தோன்றுவதற்கு 'டைகாம்' என்னும் பன்னாட்டு விதிமுறை வழிவகுக்கிறது. சிற்றூரில் எடுத்த படத்தைத் தொலைவிலுள்ள மருத்துவர் பார்க்கும்போது இவ்விதிமுறை பெரிதும் உதவுகிறது.

நல்ல திரையும் நாளடைவில் ஒளி மங்கும். மங்கல் மெல்ல நிகழ்வதால், கண் அதற்குப் பழகிவிடுகிறது, குறை புலப்படுவதில்லை. எனவே திரையைக் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டும். சோதனைப் படத்தில் கருஞ்சதுரத்துக்குள் சற்றே வெளிறிய சிறுசதுரம் ஒன்று இருக்கும். அது தெரியவில்லையெனில் திரையைச் சீர்செய்தல் வேண்டும். அறையின் வெளிச்சமும் கருதத்தக்கது. சாளர ஒளி திரையில் பட்டால் கரும்பகுதியின் நுட்பங்கள் மறைந்துவிடும். ஆதலால் படம் பார்க்கும் அறையில் மெல்லொளியே அமைப்பர்.

மருத்துவரின் கல்வியும் பட்டறிவும் பயன்தருவதற்குக் கருவியின் நேர்மையும் துணைநிற்க வேண்டும்.

சொற்பொருள்
பட்டறிவு – அனுபவம்
சாளரம் – சன்னல்
புலப்படுதல் – தெரிதல்

பயிற்சி
1. கோடிட்ட இடத்தை நிரப்புக: எக்ஸ் கதிர்கள் கண்டறியப்பட்ட ஆண்டு ________.
2. பிரித்து எழுதுக: விரலெலும்பு, கருஞ்சதுரம்.
3. எதிர்ச்சொல் தருக: கருமை, தொலைவு.
4. திரை மங்குவதை அதனைப் பயன்படுத்துவோர் உணராதது ஏன்?
5. 'காணாத நோய்க்கு மருந்தும் கிட்டாது' – இத்தொடரை ஐந்து வரிகளில் விளக்குக.